சென்னை நேரு ஸ்டேடியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு சந்தேகம் வரும். "அங்கே இன்னும் மேட்ச் நடக்குதா?" என்று தொடங்கி "அந்த டிராக்கைப் பேர்த்துப் போட்டா என்ன?" என்பது வரைக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். முதலில் வருபவை சுலபமானவை, போகப்போகச் சண்டைக்கு இழுப்பவை.

நேரு ஸ்டேடியம்னா எந்த நேரு ஸ்டேடியம்? ஊருக்கு ஒண்ணு இருக்கே!

இருக்கத்தான் செய்கிறது. டெல்லியில் ஒன்று, கொச்சி கலூரில் ஒன்று, ஷில்லாங்கில் ஒன்று, கோவையில் ஒன்று. கோவாவில் எல்லோரும் ஃபதோர்தா என்று கூப்பிடும் அரங்கத்துக்கும் அதிகாரப்பூர்வமாக நேரு பெயர்தான். இவற்றில் பலவற்றில் கால்பந்து லீக் ஆட்டங்கள் நடப்பதால், அட்டவணையில் "ஜே.எல்.என். ஸ்டேடியம்" என்று மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் போடாதீர்கள், ஊர்ப் பெயரையும் பாருங்கள்.

இங்கே பேசுவது சென்னை அரங்கத்தைப் பற்றி மட்டும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கம், ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம் இருக்கிறதே, அது.

மெரினா அரீனான்னு டிவியில சொல்றாங்களே, பீச்சுக்கு எதிர்ல இருக்கா?

இல்லை. ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி. என்ற கால்பந்துக் கிளப் தன் சொந்த மைதானத்துக்கு வைத்துக்கொண்ட செல்லப்பெயர் அது. கடற்கரைக்கும் இதற்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஊர் இருக்கிறது. மெரினாவுக்குப் பக்கத்தில் இருப்பது சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். "மெரினா அரீனா" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவர் நேராக உழைப்பாளர் சிலைக்குக் கொண்டுபோய் விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

எப்படிப் போறது? நேரு பார்க் மெட்ரோவில இறங்கினா போதும்தானே?

இந்தத் தப்பைச் செய்யாத ஆளே இல்லை போல. நேரு பார்க் வேறு, நேரு ஸ்டேடியம் வேறு. நேரு பார்க்கில் இருப்பது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின், அதாவது எஸ்.டி.ஏ.டி.யின் தலைமை அலுவலகமும் ஸ்குவாஷ் அகாடமியும். விளையாட்டுச் சான்றிதழ், ஊக்கத்தொகை என்று அலைகிறவர்கள் அங்கே போகவேண்டும். மேட்சுக்குப் போகிறவர்கள் சென்ட்ரல் மெட்ரோவில் இறங்குங்கள். பார்க் ஸ்டேஷன், சென்ட்ரல் புறநகர் ரயில், எதில் வந்தாலும் விக்டோரியா ஹாலையும் ரிப்பன் மாளிகையையும் தாண்டி உள்ளே திரும்பினால் நடந்துபோகிற தூரம்தான்.

வண்டியில் வராமல் இருப்பது நல்லது. பெரியமேட்டுத் தெருக்கள் தோல் கடைகளுக்கு மூட்டை ஏற்றி இறக்கவே போதாதவை, மேட்ச் நாளில் அங்கே காரை நுழைத்தால் முதல் பாதி போச்சு. திரும்பும்போது பயப்பட வேண்டாம், மெட்ரோ இரவு பதினொன்று வாக்கில் வரை ஓடும்.

எத்தனை பேர் உட்காரலாம்? டிவியில பார்த்தா பாதி காலியா தெரியுதே?

மொத்த இருக்கை சுமார் 40,000. ஆனால் லீக் ஆட்டங்களுக்கு முழு அரங்கத்தையும் திறந்துவிடுவதில்லை, சில பகுதிகளை மூடியே வைத்திருப்பார்கள். 20,000 பேர் வந்தாலே நல்ல கூட்டம். அவ்வளவு பெரிய கிண்ணத்தில் அவ்வளவு பேர் உட்கார்ந்தால் கேமராவுக்கு ஓட்டை ஓட்டையாகத்தான் தெரியும். உள்ளே இருந்தால் அப்படித் தெரியாது, கூரையடியில் மேளம் அடிக்கிற சத்தம் திரும்பி வந்து நெஞ்சில் இடிக்கும்.

எந்த ஸ்டாண்டுல டிக்கெட் எடுத்தா நல்லா தெரியும்?

ஓரக்கோட்டுப் பக்கம் எடுங்கள். கோலுக்குப் பின்னால் வேண்டாம். இது ரசனை விஷயம் இல்லை, கணக்கு. கால்பந்துத் தரை 105க்கு 68 மீட்டர். அதைச் சுற்றி ஓடுவது 400 மீட்டர் தடகள டிராக். அந்த டிராக்கின் உள் அகலம் 73 மீட்டர், ஆக பக்கவாட்டில் தரைக்கும் டிராக்குக்கும் நடுவில் இரண்டரை மீட்டர்தான் இடைவெளி, அதோடு எட்டு லேன் சேர்த்தால் சுமார் 12 மீட்டர். கோல் பக்கம் அப்படியில்லை. டிராக் அரைவட்டமாக வளைவதால் கோல் கோட்டிலிருந்து டிராக்கின் உள்விளிம்புக்கே 26 மீட்டர் வந்துவிடும், லேன்களையும் தாண்டினால் 36 மீட்டர், அதற்குப் பிறகுதான் முதல் இருக்கை. எதிர்ப்பக்க கோல் முனையில் நடப்பதை அங்கிருந்து பார்த்தால் யார் அடித்தார் என்று பக்கத்து ஆளைக் கேட்கவேண்டிவரும்.

முதல் வரிசையும் வேண்டாம். விளம்பரப் பலகைகள் பந்தை மறைக்கும். கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்தால் இரண்டு அணிகளும் நிற்கிற அமைப்பு அழகாகத் தெரியும். பாட்டும் கூத்தும் வேண்டும் என்றால் ரசிகர் குழுக்கள் இருக்கும் பக்கம் போங்கள். சூப்பர் மச்சான்ஸ் என்று ஒரு குழு, பி ஸ்டாண்ட் புளூஸ் என்று இன்னொன்று. இரண்டாவது குழு எந்த ஸ்டாண்டில் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்டோர் ஸ்டேடியமும் இதுவும் ஒண்ணா? ஆடியோ லாஞ்ச் நடக்கறது எங்கே?

ஒரே வளாகம், இரண்டு கட்டடம். ரஜினி, விஜய் படங்களின் இசை வெளியீட்டு விழாவும், தமிழ் தலைவாஸ் ஆடிய புரோ கபடி ஆட்டங்களும், டேபிள் டென்னிஸ் லீக்கும், 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவும் நடந்தது உள்ளரங்கத்தில். அங்கே சுமார் 8,000 பேர் உட்காரலாம். கால்பந்தும் தடகளமும் வெளியரங்கத்தில்.

ஒரே நாளில் இரண்டிலும் நிகழ்ச்சி வைத்தால் பெரியமேடு தாங்காது. போலீஸ், பார்க்கிங், சாலை எல்லாம் பொது. ஆட்டத் தேதி ஏன் இப்படி நகர்கிறது என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கிரிக்கெட் டெஸ்ட் நடந்துச்சுன்னு தாத்தா சொல்றாரு. நிஜமாவா?

தாத்தா சொல்வது சரி. அப்போது அதன் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை மதராஸில் நடந்த டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் இல்லை, இங்கேதான், மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பதில் அடங்கியிருக்கும் கதைகளைப் பார்த்தால் எனக்கே இது கால்பந்து அரங்கம்தானா என்று சந்தேகம் வரும்.

முதல் டெஸ்ட் 1956 ஜனவரியில், நியூசிலாந்தோடு. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஆட்டக்காரர்களாக இறங்கினார்கள். முதல் நாள் முழுக்க விக்கெட்டே விழவில்லை, ஆட்ட முடிவில் 234. மறுநாளும் தொடர்ந்து 413 வரை போனார்கள். டெஸ்டில் தொடக்க விக்கெட்டுக்கு அதுதான் உலக சாதனை, 2008-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் சிட்டகாங்கில் 415 அடிக்கும் வரைக்கும் 52 வருஷம் யாரும் தொடவில்லை. மன்கட் எடுத்த 231 இந்தியர் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோராக 1983 வரை நின்றது. அதைக் கவாஸ்கர் 236 அடித்துத் தாண்டியது எங்கே தெரியுமா, இதே ஊரில், சேப்பாக்கத்தில்.

அப்புறம் 1962 ஜனவரி. இங்கிலாந்தை 128 ரன்னில் வென்று, அந்த நாட்டுக்கு எதிராக இந்தியா முதல் தொடர் வெற்றியை எடுத்தது இந்தத் தரையில். 1964-ல் அதே இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி தொடர்ச்சியாக 21 மெய்டன், அதாவது ரன்னே கொடுக்காத ஓவர் போட்டார். 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. அன்றைக்கு காலரியில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

அவ்வளவு நடந்த இடத்தை விட்டு கிரிக்கெட் ஏன் போச்சு?

1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் வந்தபோது டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது, அதோடு சரி. கிரிக்கெட்டுக்கென்றே தனியாக ஒரு மைதானம் கையில் இருக்கும்போது, கால்பந்தும் தடகளமும் பள்ளி விளையாட்டு விழாவும் நடக்கிற பொது அரங்கத்தில் ஆடுகளம் போட்டுக் காப்பாற்றுவது பெரிய வேலை. கிரிக்கெட் ஆடுகளத்தின் மேல் கால்பந்து ஷூவோடு ஏறி ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்ப இருக்கற கட்டடம் எப்ப வந்தது?

1993-ல். அந்த வருஷம் ஜனவரியில் நேரு கோப்பை சர்வதேசக் கால்பந்துப் போட்டி மதராஸில் நடந்தது, வட கொரியா வென்றது. அதையொட்டித்தான் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் போய், டிராக்கும் மின்விளக்குக் கோபுரங்களும் உள்ள இன்றைய அரங்கம் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. உள்ளரங்கம் அதற்காகக் கட்டப்பட்டது. அப்போது ஊரின் பெயர் இன்னும் மதராஸ், அடுத்த வருஷம்தான் அதிகாரப்பூர்வமாகச் சென்னை ஆனது. அந்தப் போட்டியில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு. இன்றைக்குப் பலரும் இந்த அரங்கத்தை ஐ.எஸ்.எல். அரங்கம் என்று நினைக்கிறார்கள், ஆனால் அது வடிவமைக்கப்பட்டதே இப்படிப் பல விளையாட்டுகள் ஒன்றாக நடக்கும் திருவிழாக்களுக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கேள்விகள் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

சென்னையின் எஃப்.சி. வர்றதுக்கு முன்னாடி அங்கே ஃபுட்பாலே கிடையாதா?

இந்தக் கேள்வியை வடசென்னைக்காரர் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள், அடிக்க வருவார். சென்னை சீனியர் டிவிஷன் லீக் இங்கே நடந்துகொண்டிருந்தது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, சுங்கத்துறை, வருமானவரித் துறை, துறைமுகம் என்று எல்லாம் வேலைகொடுக்கும் இடங்களின் அணிகள். நன்றாக ஆடினால் அரசு வேலை கிடைக்கும், அதற்காகவே வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் பையன்கள் வெறுங்காலோடு ஆட ஆரம்பித்தார்கள். வார நாளில் மதியம் மூன்றரைக்கு ஆட்டம். 40,000 இருக்கையில் சில நூறு பேர், அதிலும் பாதி முன்னாள் ஆட்டக்காரர்கள். ஒரு பாஸ் தப்பினால் கூரையடியிலிருந்து ஒருத்தர் கத்துவது எதிர்ப்பக்கக் காலரி வரைக்கும் தெளிவாகக் கேட்கும். கத்துகிறவர் பெரும்பாலும் சரியாகத்தான் கத்துவார்.

வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்லும் வழக்கம் உண்டு. அங்கிருந்து வந்த தனபால் கணேஷ் பிற்பாடு சென்னையின் அணியில் ஆடி, 2018 மார்ச்சில் இதே அரங்கத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்தார். ஜேஜே இரண்டு, கணேஷ் ஒன்று, 3-0. சில கிலோமீட்டர் தள்ளி வளர்ந்த ஒருவர் இறுதியாட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்பது எனக்கு அந்த சீசனில் கோப்பையைவிடப் பெரிய விஷயம்.

2014 செமிஃபைனல், 2014 செமிஃபைனல்னு சொல்றாங்களே, தோத்த மேட்ச்சுதானே அது?

தோற்ற ஆட்டம்தான். ஆனால் அந்த அரங்கத்தில் நடந்த கால்பந்தில் அதற்கு மேல் ஒன்றை என்னால் சொல்ல முடியாது. ஐ.எஸ்.எல். லீக்கின் முதல் வருஷம். அரையிறுதி என்பது இரண்டு ஆட்டம், இரண்டின் கோலையும் கூட்டித்தான் முடிவு. கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் முதல் ஆட்டத்தை 3-0 என்று முடித்துவிட்டது. டிசம்பர் 16 அன்று சென்னையில் இரண்டாவது ஆட்டம். மூன்று கோல் பாக்கி, யாருக்கும் நம்பிக்கை கிடையாது. கேரள அணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். சில்வெஸ்தர் ஒன்று போட்டார், எதிரணியின் சொந்த கோல் ஒன்று, கடைசி நிமிஷத்தில் ஜேஜே மூன்றாவது. 3-0. மொத்தக் கணக்கு சமம், கூடுதல் நேரம்.

அதன்பின் 117-வது நிமிஷம், பெனால்டிக்கு இன்னும் மூன்றே நிமிஷம் இருக்கும்போது, ஸ்டீஃபன் பியர்சன் கேரளத்துக்காக ஒன்றைப் போட்டுவிட்டார். 4-3 என்று அவர்கள் இறுதிக்குப் போனார்கள். அதுவரை கிரிக்கெட் ஊர் என்று பெயர் வாங்கியிருந்த சென்னை, கால்பந்துக்காக அந்த அளவுக்குத் தொண்டை கட்டியது அன்றைக்குத்தான்.

சென்னையின் எஃப்.சி. ரெண்டு ஐ.எஸ்.எல். கப் ஜெயிச்சாங்களே, ரெண்டுமே இங்கே இல்லையாமே?

இல்லை. 2015 இறுதியாட்டம் கோவாவில், கோவாவுக்கு எதிராக. தொண்ணூறு நிமிஷம் நெருங்கும்போது பின்தங்கியிருந்து, எதிரணி கோல்கீப்பரின் கையில் பட்டு ஒன்று உள்ளே போக, மெண்டோசா கூடுதல் நிமிஷத்தில் இன்னொன்று அடிக்க, 3-2. 2018-ல் பெங்களூருவில், பெங்களூருவுக்கு எதிராக, அதுவும் 3-2. இரண்டு தடவையும் எதிரியின் வீட்டுக்குப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

2015-ல் அரையிறுதி கூட இங்கே நடக்கவில்லை. அந்த டிசம்பர் முதல் வாரம் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும், விமான நிலையமே மூடிக்கிடந்தது. சென்னையின் சொந்த மைதான ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள், அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். வீட்டில் கரண்ட் இல்லாமல் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஸ்கோர் கேட்டவர்கள் இன்னும் அந்தக் கோப்பையைப் பற்றி வேறு குரலில்தான் பேசுவார்கள். 2019-ல் ஆசியக் கூட்டமைப்பின் ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடியபோதும் அவர்களின் சொந்த மைதானம் அகமதாபாத் ஆகிவிட்டது, அதிலும் முதல் சுற்றில் எதிரணி கொழும்பு. பக்கத்தில் இருக்கும் ஊரோடு ஆட இவ்வளவு தூரம் சுற்றவேண்டியிருந்தது.

மழை சீசன்லயே ஏன் மேட்ச் வைக்கறாங்க?

லீக் இந்தியா முழுவதற்குமான லீக். வழக்கமாக அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை போகும், அப்போது நாட்டின் பெரும்பகுதியில் மழை முடிந்திருக்கும். நமக்குத்தான் அப்போது வடகிழக்குப் பருவமழை, வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடும். வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் கிளப் அலுவலகத்தில் தூக்கம் கிடையாது.

மழை இல்லாத நாளிலும் கடலோர ஊருக்கு ஒரு தண்டனை உண்டு. ராத்திரி ஏழரைக்கும் காற்றில் ஈரம் பிழியலாம் போல இருக்கும், வியர்வை காயவே காயாது. வடக்கிலிருந்து வரும் அணிகள் எழுபது நிமிஷத்துக்கு மேல் நடக்க ஆரம்பிப்பதைப் பார்க்கலாம். ஜனவரி, பிப்ரவரி ஆட்டங்கள் பார்க்க நன்றாக இருக்கும். குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்கள் அப்போது போங்கள்.

ஸ்டேடியம் யாருது? கிளப்போடதா, கார்ப்பரேஷனோடதா?

ஆரம்பத்தில் மாநகராட்சியுடையது, பழைய பெயரே அதைச் சொல்கிறது. இப்போது தமிழக அரசின் எஸ்.டி.ஏ.டி. கையில் இருக்கிறது. கிளப் அங்கே வாடகைக்காரர்.

வாடகைக்காரர் என்பதால் அவர்களால் செய்ய முடியாதவை நிறைய. சுவருக்கு நீல வண்ணம் அடிக்க முடியாது, நிரந்தரமாகக் கடை வைக்க முடியாது, நினைத்த தேதியில் ஆட முடியாது. கழிப்பறை சரியில்லை, இருக்கை அழுக்காக இருக்கிறது என்று கிளப்பைத் திட்டுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள். அதற்காகக் குடிதண்ணீருக்கு மேட்ச் நாளில் வைக்கும் விலையை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு உள்ளே இரண்டு மடங்கு விலைக்கு விற்பதை யார் செய்தாலும் தப்புதான்.

இலங்கை வீரர்களை உள்ளே விடமாட்டாங்கன்னு சொல்றாங்களே, இன்னும் அப்படித்தானா?

இப்போது இல்லை. ஆனால் நடந்தது உண்மை. 2012-ல் கொழும்பு ராயல் கல்லூரி அணி வந்து இதே அரங்கத்தில் சுங்கத்துறை அணியோடு ஆடியது. விஷயம் வெளியே தெரிந்ததும் மாநில அரசு அந்த அணியையும் இன்னொரு இலங்கை அணியையும் திருப்பி அனுப்பியது, அனுமதி கொடுத்த அரங்க அதிகாரி சஸ்பெண்ட் ஆனார். மறு வருஷம் ஆசியத் தடகளப் போட்டி இங்கே நடக்கவேண்டியது. இலங்கை வீரர்கள் கலந்துகொண்டால் நடத்தமாட்டோம் என்று முதல்வர் ஜெயலலிதா சொல்லிவிட, போட்டி புனேவுக்குப் போனது. 2009-ல் போர் முடிந்தவிதம் இங்கே எவ்வளவு ஆழமாகப் புண்படுத்தியிருந்தது என்பதை அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பள்ளிப் பையன்களைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி இதே டிராக்கில் நடந்தது. இலங்கைப் பிள்ளைகளும் வந்து ஓடினார்கள், பதக்கம் வாங்கினார்கள், ஊர் திரும்பினார்கள். பெரிய சத்தம் எதுவும் இல்லை.

அந்த டிராக்கைப் பேர்த்துப் போட்டா எல்லா ஸ்டாண்டும் கிட்ட வந்துடுமே, ஏன் செய்ய மாட்டேங்கறாங்க?

முதலில் ஒன்று. டிராக்கை எடுத்தாலும் ஸ்டாண்ட் கிட்டே வராது. கான்கிரீட் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். மேலே சொன்ன 36 மீட்டர் அப்படியே 36 மீட்டர்தான், நடுவில் சிவப்புக்குப் பதில் பச்சை தெரியும், அவ்வளவே. கிட்டே கொண்டுவரவேண்டும் என்றால் தரையைத் தாழ்த்தி இருக்கைகளை முன்னால் நீட்டவேண்டும், அது கிட்டத்தட்ட புது அரங்கம் கட்டுகிற வேலை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தரையைத் தோண்டினால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்பதையும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, அந்த டிராக்கை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். திருவொற்றியூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்த பெண் பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பைக்ஸ் கட்டிக்கொண்டிருப்பாள், பக்கத்தில் அப்பா டிபன் பாக்ஸோடு நிற்பார். தேசிய மாநிலங்களுக்கிடையிலான தடகளம் 2022-ல் இங்கே நடந்தது, மாவட்டப் போட்டிகளும் பள்ளிப் போட்டிகளும் வருஷம் முழுக்க நடக்கின்றன. கால்பந்துக் கிளப்புக்கு இங்கே வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் போல வேலை. மீதி நாள் எல்லாம் இந்தப் பிள்ளைகளுடையது. பெங்களூரு கண்டீரவா அரங்கத்தில் இதே தகராறு நீதிமன்றம் வரை போனது. நான் கால்பந்து ரசிகன்தான், ஆனால் இந்த வழக்கில் தடகளத்துக்காரர்கள் பக்கம்தான் நிற்பேன்.

அப்போ ஃபுட்பாலுக்குன்னே தனியா ஒண்ணு கட்டிக்க வேண்டியதுதானே?

கட்டலாம். 15,000, 20,000 பேர் உட்காரும் அளவில், இருக்கை கோட்டை ஒட்டி வரும்படி இருந்தால் போதும், 40,000 தேவையே இல்லை. கேள்வி எங்கே என்பதுதான். இன்றைக்குச் சென்னையில் அவ்வளவு நிலம் வேண்டும் என்றால் பழைய மகாபலிபுரம் சாலையில் எங்கோ தள்ளித்தான் காட்டுவார்கள். மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தத் திசையில். அங்கே போனால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் கூட்டம் வராது. ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம் முடிந்து அவர்கள் வீடு திரும்ப வழி கிடையாது.

பெரியமேட்டின் பெரிய பலமே அது இருக்கும் இடம். சென்ட்ரல், எழும்பூர், பார்க், மெட்ரோ எல்லாம் பக்கத்தில், வடசென்னை நடந்தும் சைக்கிளிலும் வரும், தென்சென்னை ரயிலில் வரும். எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கமும் கிட்டத்திலேயே இருக்கிறது. வடசென்னையில் ரயில்வேயோ துறைமுகமோ ஒரு துண்டு நிலம் தந்தால் என் பதில் மாறும். அது வரைக்கும் டிராக்கைத் தாண்டிப் பார்க்கத் தயார்.

சாதாரண ஆளுங்க உள்ளே போய் ஓடலாமா? பையனைப் பயிற்சிக்குச் சேர்க்கணும்.

ஓடலாம், நடக்கலாம், ஆனால் முன்கூட்டிப் பதிவு செய்து கட்டணம் கட்டவேண்டும், போட்டி நடக்கும் நாட்களில் மூடியிருக்கும். நடப்பவர்கள் தயவுசெய்து உள் லேன்களை விட்டுவிடுங்கள். முதல் லேனில் மூன்று பேர் கைகோத்துக்கொண்டு அரசியல் பேசியபடி போக, பின்னால் 400 மீட்டர் நேரம் எடுக்கிற பையன் கத்திக்கொண்டே வருவது அங்கே தினமும் நடக்கிறது.

பையனைச் சேர்க்க எளிய வழி எஸ்.டி.ஏ.டி. நடத்தும் கோடைக்காலப் பயிற்சி முகாம். பள்ளித் தேர்வுகள் முடிகிற சமயத்தில் அறிவிப்பு வரும், தடகளம், கால்பந்து என்று விளையாட்டு வாரியாகச் சேர்ப்பார்கள். வயதுச் சான்றுக்கு ஆதார் நகலும் புகைப்படமும் எடுத்துக்கொண்டு போங்கள். முகாமில் பயிற்சியாளர் கண்ணில் பட்டால், விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வைப் பற்றி அவரே சொல்வார். விசாரிக்க அரங்க அலுவலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பயிற்சியாளர்கள் வெயில் ஏறும் முன் மைதானத்திலேயே இருப்பார்கள், மதியத்துக்கு மேல் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.